குத்துவிளக்கும் எங்கள் அத்தையும்

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் போனால் புளி வாசம் அடிக்கும். அத்தை துவைகல் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஊறவைத்த பழைய புளியைக் கையில் உருட்டிக்கொண்டு விளக்குகளைத் தேய்த்துக் கொண்டிருப்பார். இரண்டு குத்துவிளக்கு, ஒரு காமாட்சி விளக்கு, ஒரு தூபக்கால். செவ்வாய், வெள்ளியில் விளக்கைக் கழுவக்கூடாது என்பது அப்பத்தா காலத்துச் சட்டம். அதனால் வியாழன். திண்டுக்கல்லில் தண்ணீருக்கு எப்படிப்பட்ட பஞ்சம் வந்திருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடத்துக்குக் காத்துக் கிடந்த வருஷங்களில்கூட விளக்குக்கு மட்டும் இரண்டு சொம்பு தண்ணீர் ஒதுக்கப்பட்டிருக்கும்.

என்னடா இவன், போன வாரம் வரை கிரிக்கெட்டும் சினிமாவும் எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று விளக்கு, பூஜை என்று ஆரம்பித்துவிட்டானே என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விளக்கு. குத்துவிளக்கின் மகிமை என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கும். அடிப்பாகம் பிரம்மா, தண்டு விஷ்ணு, எண்ணெய் நிற்கும் அகல் ருத்திரன், திரி போடும் முகங்கள் மகேஸ்வரன், உச்சி சதாசிவன். ஐந்து முகம் என்பது பெண்ணுக்கு வேண்டிய ஐந்து குணம்: அன்பு, மன உறுதி, நிதானம், சமயோசிதம், சகிப்புத்தன்மை. (ஆணுக்கு எத்தனை முகம் வேண்டும் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. இங்கே ஒரு சிரிப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.) கிழக்கே பார்த்து ஏற்றினால் துன்பம் போகும், வடக்கே பார்த்தால் செல்வம் வரும், தெற்கே பார்த்து ஏற்றவே கூடாது. ஒரு முகத்துக்கு ஒரு பலன், இரண்டு முகத்துக்கு இன்னொரு பலன், வாழைத்தண்டுத் திரிக்கு ஒன்று, தாமரைத்தண்டுத் திரிக்கு ஒன்று. காலண்டர் அட்டையின் பின்பக்கம், பூஜைக் கடை எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல், எங்கே பார்த்தாலும் இந்த விலைப்பட்டியல்தான். விலைப்பட்டியல் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எதைப் போட்டால் எது கிடைக்கும் என்று எழுதி வைப்பதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

அத்தைக்கு இந்தப் பட்டியல் எதுவும் தெரியாது. கேட்டால், "சாயங்காலம் ஆனா இருட்டும்ல, அதான் ஏத்துறோம்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ல ஆள் இருக்குன்னு சாமிக்குத் தெரியணும்ல" என்றும் சேர்த்துக்கொள்வார். நான் படித்த எல்லா விளக்கங்களையும்விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

தமிழில் 'விளக்கு' என்ற சொல்லே வேடிக்கையானது. எரிகிற பொருளும் விளக்கு. பாத்திரம் விளக்கு, பல் விளக்கு என்றால் தேய்த்துச் சுத்தம் செய் என்று அர்த்தம். புரியாததைப் புரிய வைப்பதும் விளக்குவதுதான். ஆக, நம் மொழியில் வெளிச்சமும் தேய்ப்பும் ஒரே வார்த்தைக்குள் இருக்கின்றன. அத்தை வியாழக்கிழமை செய்வதை 'விளக்கு விளக்குவது' என்றே சொல்லலாம். 'குத்து' என்பதற்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை. செங்குத்து என்கிறோமே, அந்த நிமிர்ந்து நிற்கிற குத்து.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. காற்றும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் கறுக்கும், நாளானால் பச்சையாகக் களிம்பு ஏறும். புளியில் இருக்கும் அமிலம் அந்தக் கறுப்பையும் களிம்பையும் கரைத்து எடுத்துவிடுகிறது. வேதியியல் அவ்வளவுதான். ஆனால் சைவ சித்தாந்தக்காரர்கள் இந்தக் களிம்பை விடவில்லை. செம்போடு களிம்பு எப்படிக் கூடவே பிறந்ததோ, அப்படி உயிரோடு ஆணவ மலம் கூடவே இருக்கிறது என்று உவமை சொன்னார்கள். பாத்திரம் தேய்த்த ஒருவர் கண்டுபிடித்த உவமையாகத்தான் அது இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

பித்தளையில் இருந்தால்தான் பூஜை விளக்கா? எங்கள் தெருவில் ஒரு பாட்டி, இரும்பு விளக்கு வீட்டுக்கு ஆகாது, சனீஸ்வரனுக்குத்தான் ஏற்ற வேண்டும் என்று அடித்துச் சொல்வார். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று அது. விடாத மழை, மூடிய வானம், பொழுது போனதா இல்லையா என்றே தெரியவில்லை. பூத்தட்டில் வைத்திருந்த பிச்சி அரும்புகள் விரிந்து மணப்பதை வைத்து 'சாயங்காலம் ஆகிவிட்டது' என்று பெண்கள் தெரிந்துகொள்கிறார்கள். உடனே விளக்கு ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கை கூப்புகிறார்கள். அது இரும்பு விளக்கு! அதே பாட்டில் அரண்மனைக்குள் போனால் யவனர்கள் செய்த பாவை விளக்கு, கையில் எண்ணெய் நிறைந்த அகலை ஏந்திக்கொண்டு நிற்கிறது. கடல் தாண்டி வந்தவர்கள் வேலைப்பாட்டில் செய்த அலங்கார விளக்கு ராணிக்கு, இரும்பு விளக்கு ஊர்ப் பெண்களுக்கு. கும்பிடு என்னவோ இரும்பு விளக்குக்கு நடந்ததைத்தான் நக்கீரர் பாடி வைத்திருக்கிறார்.

எண்ணெய்க்கும் இதே கதைதான். ஆமணக்கு எண்ணெய்க்கு நம் முன்னோர் வைத்த பெயரே விளக்கெண்ணெய். இன்றைக்கு அது வயிற்றுக்கும், ஆளைத் திட்டுவதற்கும் மட்டும் பயன்படுகிறது. கோயில்களில் இலுப்பை எண்ணெய் எரிந்தது. வசதி உள்ள இடத்தில் நெய் எரிந்தது. இப்போது கடைகளில் 'தீப எண்ணெய்' என்று ஒரு பாட்டில் விற்கிறது. சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். நாம் வாயில் வைக்க முடியாததைச் சாமிக்கு வைக்கலாமா என்று அத்தை ஒருமுறை கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை.

சோழர் காலத்தில் இதை எவ்வளவு கணக்காகச் செய்தார்கள் என்று படித்தபோது அசந்துவிட்டேன். கோயிலில் இரவு பகலாக அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் தானம் கொடுக்க வேண்டும். அந்த ஆடுகளை ஒரு இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டில் வரும். சாகாத, கிழடாகாத ஆடாம்! ஆடு சாகாமல் இருக்காது. ஆனால் செத்ததற்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கை 96 குறையாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆட்டுக்குப் பதிலாக 48 பசு, அல்லது 16 எருமை என்று மாற்றுக் கணக்கும் உண்டு. ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு மந்தையும், ஒரு இடையர் குடும்பத்தின் தலைமுறை தலைமுறையான உழைப்பும் நின்றிருக்கிறது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர், 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்பையும் பித்தளையையும் அரம் வைத்து ராவுகிற கைகள் இங்கே உண்டு. ஆனால் நம் வீட்டுக் குத்துவிளக்குகள் பெரும்பாலும் வெளியூர்தான். நல்ல விளக்கு என்றால் கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயில். அன்னம் உச்சியில் வைத்த அந்த ஊர்க் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு உண்டு. காவிரிப் பாசன மண்ணில் கிடைக்கும் வண்டல் மணலில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியபின் அரத்தால் ராவி, கடைசல் பிடித்து மெருகு ஏற்றுவார்கள். பாதம், தண்டு, அகல், உச்சி எல்லாம் தனித்தனியாக வார்த்து மரை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி நிறுத்துவது. கழற்றி விளக்குவதற்கு வசதி. செய்தவருக்குத் தேய்ப்பவர்மேல் ஒரு கரிசனம் இருந்திருக்கிறது பாருங்கள். வடக்கே மொராதாபாத்தில் இருந்து வரும் விளக்குகள் விலை குறைவு, எடையும் குறைவு. காற்றடித்தால் ஆடும்.

எங்கள் வீட்டு விளக்கு ஒன்றின் பாதத்தில் அப்பத்தாவின் பெயரின் முதல் எழுத்து புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். கல்யாணச் சீராக வந்தது. பழைய பித்தளைக் கடைகளில் இப்படிப் பெயர் குத்திய விளக்குகள் உடைந்த குழாய்களோடும் தாழ்ப்பாள்களோடும் ஒரே தராசில் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதில் வீட்டில் வருவது கண்ணாடி அலமாரிக்குள் வைக்கிற பொம்மை விளக்கு, அல்லது சுடர் மாதிரி நடுங்குகிற எல்.இ.டி. பல்பு வைத்த விளக்கு. பிளக்கைச் சொருகினால் போதும். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், வியாழக்கிழமை வேண்டாம். அலங்காரம் என்றால் எனக்கு வெறுப்பு என்று அர்த்தமில்லை. திருவிடைமருதூர் கோயிலில் ஒரு பாவை விளக்கு இருக்கிறது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்மணி அம்மாள், தான் விரும்பிய பிரதாபசிம்மரை மணக்க வேண்டும் என்று லட்ச தீபம் ஏற்ற வேண்டிக்கொண்டு, அது நிறைவேறியதும் தன் உருவத்தையே விளக்காக வார்த்து 1853-இல் கோயிலுக்குக் கொடுத்தார். அதைவிட அலங்காரமான விளக்கு உண்டா? ஆனாலும் அதன் கையில் இருப்பது எண்ணெய் ஊற்றுகிற அகல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் போன்ற ஊரில் குத்துவிளக்கு இந்துக்களுக்கு மட்டும் என்றும் இல்லை. அன்னத்துக்குப் பதில் சிலுவை வைத்த குத்துவிளக்குகளை இங்கே தேவாலயங்களில் நிறையப் பார்க்கலாம். கல்லூரி விழா, கடை திறப்பு என்று எல்லாவற்றுக்கும் விளக்கு வந்துவிடும். சிறப்பு விருந்தினர் மெழுகுவர்த்தியோடு காற்றில் போராடுவார், பின்னால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஒருவர் ஓடுவார்.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

போன ஆடி மாதம் எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில் திருவிளக்கு பூஜை வைத்தார்கள். வீட்டில் இருந்து ஆளுக்கொரு விளக்கு கொண்டுவந்து, வரிசையாக உட்கார்ந்து, குங்குமத்தால் போற்றி சொல்லி அர்ச்சனை செய்வார்கள். நூற்றுக்கணக்கான சுடர்கள் ஒரே நேரத்தில் எரிவதைப் பார்ப்பது அழகுதான், மறுக்கவில்லை. அம்மாவும் அக்காவும் போனார்கள். விளக்கைத் தூக்கிக்கொண்டு நானும், கூடவே அத்தையும். முந்தின நாள் அந்த விளக்கை இரண்டு மணி நேரம் தேய்த்தவர் அவர்தான். திரி திரித்தவரும் அவர்தான். அக்காவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அத்தை உட்காரப் போனார். சீட்டு வாங்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அருகில் வந்து மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்: "சுமங்கலிங்களும் கன்னிப் பொண்ணுங்களும் மட்டும்தாங்க. நீங்க அந்தத் தூண்கிட்ட உக்காந்து பாருங்க." மாமா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அத்தை ஒன்றும் பேசவில்லை. தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பூஜை முடிந்து வீட்டுக்கு வந்து, எண்ணெய் வழிந்திருந்த விளக்கைத் துடைத்து வைத்தார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இது இப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது.

சாஸ்திரம் என்கிறார்கள். சரி, பழசைத்தான் பார்ப்போமே. செம்பியன் மாதேவியின் கணவர் கண்டராதித்த சோழர் 957 வாக்கில் இறந்துபோனார். அதற்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த அம்மையார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். செப்புத் திருமேனிகள், பாத்திரங்கள், விளக்குகள் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரிலேயே கோயில் எழுப்பி, அவர் லிங்கத்தைப் பூஜிப்பது போல் சிற்பமும் வைத்தார். காவிரிக் கரையில் விளக்கெரிய வைத்தவர் கணவனை இழந்த ஒரு பெண். அந்த விளக்குகளின் முன்னால் எந்தச் சாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கல்வெட்டு இல்லை. 'அவங்க ராணி' என்று அம்மா சொல்வார். அதுவேதான் என் கேள்வியும். ராணிக்கு இல்லாத தீட்டு, கொல்லையில் புளி தேய்க்கிற அத்தைக்கு எங்கிருந்து வந்தது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கே போவோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் மாசித் திருவிழாவின்போது மாவிளக்கு எடுத்து வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழி பண்ணி நெய் விட்டுத் திரி போட்டது. பித்தளை இல்லை, அன்னம் இல்லை, எரிந்து முடிந்தால் பிட்டுத் தின்றுவிடலாம். அத்தை வருஷா வருஷம் மாவிளக்கு எடுக்கிறார். எனக்கு அம்மை போட்ட வருஷம் தீச்சட்டியும் எடுத்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவர்கூட நெற்றியைப் பார்த்து ஒதுங்கியதில்லை, வழிவிட்டுத்தான் கும்பிட்டார்கள். அம்மன் தெருவில் வாங்கிக்கொள்ளும் நெருப்பை, ஜமுக்காளம் விரித்த மண்டபத்தில் மட்டும் வேண்டாம் என்பாளா?

வள்ளலாரும் நினைவுக்கு வருகிறார். உருவங்களை விட்டு ஜோதியையே வழிபடச் சொல்லி வடலூரில் 1872-இல் ஞானசபையைத் திறந்தவர். 1873-இல் மேட்டுக்குப்பத்தில் தன் அறைக்குள் இருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, இதைத் தடைபடாமல் ஆராதியுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். கணவன் இறந்தால் பெண்ணின் தாலியை வாங்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதர் சொன்னது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நியாயமாகப் பேசினால், மறுபக்கமும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பூஜை, குடும்பத்துக்காக, கணவனின் ஆயுளுக்காக என்று வேண்டிக்கொண்டு செய்வது, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்கிறார்கள். அப்படியென்றால் கன்னிப் பெண்களுக்கு எப்படி இடம் வந்தது? வரப்போகும் கணவனுக்காக வேண்டலாம், வளர்த்த பிள்ளைகளுக்காக வேண்டக்கூடாதா? சீட்டு வாங்கிய அந்த அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவர் எழுதி வைத்த விதியைப் படித்தார். எங்கள் வீட்டிலேயே, 'மதினி, நீங்க வாங்க, என் பக்கத்துல உக்காருங்க' என்று அம்மா சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லியிருக்கலாம். விளக்கைத் தூக்கி வந்த நான் சொல்லியிருக்கலாம்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். சீர் வரிசையில் புது விளக்கு வேண்டாம், அப்பத்தாவின் விளக்குதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மேடையில் அதை முதலில் ஏற்றப் போவது யார் என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நான் கேட்டேன். அக்கா நிமிர்ந்து, "அத்தைதான்" என்றாள். அப்பா சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி வீட்ல என்ன சொல்வாங்களோ" என்றார் அம்மா. மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தேன். மாப்பிள்ளையிடம் அக்காவே பேசுவதாக இருக்கிறது.

அத்தை எதிலும் கலந்துகொள்ளவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்த விளக்குல மரை தேஞ்சு போயி தண்டு ஆடுதுடா, கல்யாணத்துக்குள்ள யார்கிட்டயாச்சும் காட்டி இறுக்கிட்டு வந்துரு" என்றார்.

நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.